முன்வரிசை டோனர் பாஸ்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எங்களுக்கு நாடகத்துக்கென்று தனியாக ஒரு தாள் இருந்தது. ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துக்கொண்டு வகுப்பில் வாசிப்போம். மணி அடிப்பதற்குள் அங்கத்தை முடித்தாக வேண்டும் என்பதால் அரசனும் அரசியும் ஒரே மூச்சில் செத்துப்போவார்கள். நாடகத்தைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுவேன், ஆனால் மேடையில் ஒரு நாடகத்தையும் பார்த்ததில்லை. கோயில் கொடைவிழாவில் கரகாட்டம் பார்த்திருக்கிறேன். பள்ளி ஆண்டுவிழாவில் புலவர் வேஷம் போட்ட பையனின் ஒட்டுத்தாடி கழன்று விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் சேர்த்தி இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அந்த வயதில் எனக்குத் திமிர் கொஞ்சம் அதிகம்தான்.

அந்த ஆடி மாதம் குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தபோது, சென்னையிலிருந்து ஒரு நாடகக் குழு வருவதாகத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் ஒட்டினார்கள். ஒரே ஒரு மாலை, ஒரே ஒரு காட்சி. வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு மன்றத்தின் ஏற்பாடு. டிக்கெட் ஐந்நூறு, முந்நூறு. கீழே பொடி எழுத்தில், மாணவர்களுக்கு நூறு ரூபாய், முதல்வர் கடிதம் அவசியம் என்று போட்டிருந்தது. குற்றாலம் போக வர செலவில்லை, டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம். நூறு ரூபாயை எப்படியும் புரட்டிவிடலாம். கடிதம்தான் கிடைக்கவில்லை. துறைத்தலைவர் கையெழுத்து இல்லாமல் அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள், துறைத்தலைவர் விடுப்பில் இருந்தார், அவர் வந்த அன்று முதல்வர் கூட்டத்தில் இருந்தார். மூன்றாம் நாள் முத்திரை வாங்கிக்கொண்டு ஓடினால், மாணவர் டிக்கெட் ஐம்பதும் முதல் நாளே தீர்ந்துவிட்டது என்றார்கள். மன்றத்துக்காரர்களின் கொழுந்தியாள்களும் மருமகன்களும் திடீரென்று மாணவர்களாகிவிட்டதாகக் கேள்வி.

மிச்சம் இருந்த வழி டோனர் பாஸ். எங்கள் ஊரில் எந்த விழா நடந்தாலும் கடை கடையாக ஏறி நன்கொடை வாங்குவார்கள். மறுக்க முடியாது, நாளைக்கு அதே ஆள் வியாபாரிகள் சங்கத்தில் எதிரே உட்கார்ந்திருப்பார். கொடுத்த பணத்துக்கு விழா மலரில் கால் பக்கம் விளம்பரம், முன்வரிசையில் இரண்டு பேருக்கு ஒரு பாஸ். அந்தப் பாஸ் கல்லா மேஜைக் கண்ணாடிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். முதலாளிகள் யாரும் போக மாட்டார்கள். சாயங்கால வியாபாரத்தை விட்டுவிட்டு எவன் போய் நாடகம் பார்ப்பான்? இது தெரிந்த மாணவர்கள் கடைகளில் போய்க் கேட்டு வாங்குவது உண்டு. அதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. முந்தின நாள் கேட்டால் 'நாங்க போறோம்' என்பார்கள், அப்படி ஒரு ஆசை அவர்களுக்கே இருக்கும். நிகழ்ச்சி அன்று மதியத்துக்கு மேல் கேட்க வேண்டும். அதற்குள் ஆசை தெளிந்திருக்கும்.

நானும் என் தோழியும் அன்று மதியம் வகுப்பை வெட்டிவிட்டு ரத வீதியில் இறங்கினோம். பெயிண்ட் கடைக்காரர் பாஸை பேங்க் மேனேஜருக்குக் கொடுத்துவிட்டார். பாத்திரக்கடையில், எந்தக் கல்லூரி, எந்த ஊர், என்ன ஆட்கள் என்றெல்லாம் விசாரித்துவிட்டு இல்லை என்றார்கள். மருந்துக்கடையில் பாஸ் கண்ணாடிக்கு அடியில் கண்ணெதிரே கிடந்தது, முதலாளியைக் கேட்காமல் தர முடியாது என்று கணக்குப்பிள்ளை கையை விரித்தார். ஆறு கடை ஏறி இறங்கியதில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"உங்க அப்பா கடையில கண்டிப்பா இருக்கும்ட்டி. அங்கன கேட்டா என்ன?" என்றாள் தோழி.

எங்கள் அப்பா கடை என்றால் அப்பாவுக்குச் சொந்தமான கடை இல்லை. அப்பா சேல்ஸ்மேனாக இருக்கும் ஜவுளிக்கடை. பத்தொன்பது வருஷமாகச் சேலைப் பிரிவில் நிற்கிறார். அந்தப் பக்கமே வரக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. முந்தின தீபாவளி முடிந்ததும் அங்கே மூத்த சேல்ஸ்மேன்கள் இரண்டு பேரைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டு, பாதிச் சம்பளத்துக்கு இரண்டு பெண் பிள்ளைகளை எடுத்திருந்தார்கள். போன இருவரில் ஒருவர் மகன் படிப்புக்கு முன்பணம் கேட்டவர், இன்னொருவர் அடிக்கடி லீவு கேட்டவர். அப்பா அதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொண்டார். முதலாளி கண்ணில் படாமல் இருக்கும்வரை வேலை இருக்கும். ஒன்றும் கேட்கக்கூடாது, ஒன்றும் சொல்லக்கூடாது, வீட்டு ஆட்கள் கடைப்பக்கம் தலைகாட்டக்கூடாது. இன்னும் மூன்று வருஷம் இப்படியே ஓட்டிவிட்டால் என் படிப்பும் தம்பி படிப்பும் கரை சேர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு.

எனக்கு இது எல்லாமே தெரியும். தெரிந்துதான் போனேன். இரண்டு மணிக்கு அப்பா சாப்பிட வீட்டுக்குப் போவார். இரண்டேகாலுக்கு நான் கடைக்குள் நுழைந்தேன். ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும் பெரிய முதலாளி இல்லை. அவருடைய இரண்டு மகன்களில் இளையவர் கோயம்புத்தூரில் படிப்பை முடித்துவிட்டு அந்த வாரம்தான் கல்லாவில் உட்கார ஆரம்பித்திருந்தார். என்னைத் தெரியாது. கல்லூரிப் பெயரைச் சொல்லி, நாடகப் பாஸ் இருந்தால் தருவீர்களா என்று கேட்டேன். செல்போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் கண்ணாடியைத் தூக்கிப் பாஸை எடுத்து நீட்டினார். இன்னாருடைய மகள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அப்பா காதுக்குப் போய்விடும் என்பது ஒரு காரணம். சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை என்பது இன்னொரு காரணம். இதை இப்போதுதான் எழுத முடிகிறது.

ஐந்து மணிக்குக் குற்றாலத்தில் இறங்கும்போது சாரல் பிடித்துக்கொண்டது. ஈரத் துண்டோடு குளித்துவிட்டு வரும் கூட்டத்தைத் தாண்டி அரங்கத்துக்குப் போனோம். முன்வரிசையில் ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் கடைப் பெயர் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. அப்பாவின் கடைப் பெயர் ஒட்டிய இரண்டு நாற்காலிகளில் நாங்கள் உட்கார்ந்தோம். எங்களைச் சுற்றிப் பட்டுச்சேலைகள். அதில் ஒன்றிரண்டை அப்பாதான் விரித்துக் காட்டி விற்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நாடகம் ஒரு வீட்டைப் பங்கு பிரிக்கும் இரண்டு அண்ணன் தம்பிகளைப் பற்றியது. மேடையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், ஒரு தண்ணீர்ச் சொம்பு, அவ்வளவுதான். மூத்தவனாக நடித்தவர் சொம்பைக் கீழே வைத்தார். அந்தச் சத்தம் என் காலடியில் கேட்டது. அவர் கத்தியபோது எச்சில் தெறித்து விளக்கு வெளிச்சத்தில் பறந்தது, வசனத்துக்கு நடுவே மூச்சு வாங்குவதும் கேட்டது. புத்தகத்தில் அடைப்புக்குறிக்குள் 'சற்று நேரம் மௌனம்' என்று வரும் இடத்தை நாங்கள் வகுப்பில் வாசிக்காமலே தாண்டிப் போவோம். இங்கே அந்த மௌனத்தில் முந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் உட்கார்ந்திருந்ததில்லை.

இடைவேளையில் விளக்கைப் போட்டு, நன்கொடையாளர்களைக் கௌரவிக்கப் போவதாக மைக்கில் அறிவித்தார்கள். நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. ஒவ்வொரு கடைப் பெயராகக் கூப்பிட்டார்கள். வந்தவருக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார்கள். ஆள் வராத கடைகளை நன்றி சொல்லித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தது. கடைப் பெயரைச் சொல்லி, குடும்பத்தார் யாராவது மேடைக்கு வரும்படி அழைத்தார்கள். நான் குனிந்துகொண்டேன். ஆனால் நாற்காலியில் தாள் இருக்கிறதே. மன்றத்துக்காரர் ஒருவர் நேராக வந்து, "கூச்சப்படாதீங்கம்மா, வாங்க" என்று என் முன்னால் நின்றார். பின்வரிசையெல்லாம் எட்டிப் பார்த்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கால் தானாக எழுந்துவிட்டது.

மேடையில் சற்று முன் கட்டில் கிடந்த இடத்தில் நின்றேன். பொன்னாடை கழுத்தில் ஏறியது. அறிவிப்பாளர் மைக்கை என் பக்கம் திருப்பி, "அண்ணாச்சிக்கு நீங்க என்ன வேணும்மா?" என்று கேட்டார்.

அங்கே வேலை பார்க்கிறவரின் மகள், பாஸ் கேட்டு வாங்கி வந்தேன். இரண்டு நொடியில் சொல்லி முடித்திருக்கலாம். கீழே முன்வரிசை முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என் வாயில் வந்தது ஒரே ஒரு சொல்.

"மகள்" என்றேன்.

கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். இறங்கி வந்ததும் தோழி என் தொடையைக் கிள்ளி, "ஏட்டி, உனக்குப் பைத்தியம் பிடிச்சிட்டா?" என்றாள். இரண்டாம் பாதி நடந்தது, நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வீடு யாருக்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாடகம் முடிவதற்குள் அந்தப் போட்டோ மன்றத்தின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது. தென்காசியில் கடை வைத்திருக்கும் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். 'அண்ணாச்சியின் செல்வமகள்' என்று கீழே எழுதியும் இருந்தார்கள். அவருக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள் என்பது தெரியாத ஆள் கடைத்தெருவில் இல்லை. விடிவதற்குள் யாரோ என் முகத்தை அடையாளம் கண்டு, இன்னாருடைய மகள் என்று முதலாளிக்கும் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் மதியம் அப்பா சாப்பிட வந்தார். தட்டைப் பார்த்தபடியே முழுச் சோற்றையும் சாப்பிட்டார். அம்மாவுக்கு அதற்குள் விஷயம் தெரிந்து, என்னை ஒரு மூச்சு திட்டித் தீர்த்திருந்தாள். தீபாவளி முடிந்தால் ஆளைக் குறைக்க ஒரு சாக்கு தேடிக்கொண்டிருப்பவர்களிடம் நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாய் என்பதுதான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னது. அப்பா கை கழுவிவிட்டு வந்து, "அந்தப் பொன்னாடைய நீயே கொண்டு வந்து அண்ணாச்சிட்ட குடுத்துட்டு, தப்புன்னு சொல்லிரு" என்றார். குரல் உயரவில்லை. அடித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் போனேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டம், உள்ளே நுழையவே இடமில்லை. பெரிய முதலாளி கல்லாவில் இருந்தார். எரிந்து விழுவார் என்று நான் உடம்பை இறுக்கிக்கொண்டு போனேன். அவருக்குக் கோபமே இல்லை. காலையிலிருந்து ஆளுக்கு ஆள் போன் போட்டு, எப்போது பெற்றீர்கள், எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்கு அது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. நான் பொன்னாடையை மேஜை மேல் வைத்துத் தப்பு என்று சொல்லி முடிப்பதற்குள், "வா மவளே, அப்பாவப் பாக்க இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றார். சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். அவர்களுக்கும் கதையை ஒருமுறை சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா நாலு அடி தூரத்தில் ஒரு சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். தன்னைக் கூப்பிடக்கூடாது என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. நானும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன வே, இங்கன பாரும்" என்று முதலாளி கூப்பிட்டார். "நாலு பேருக்கு முன்னால நீரே சொல்லும். இவ உம்ம மவளா, நம்ம மவளா?"

அப்பா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை, சேலையின் ஒரு மடிப்பு மடிக்கிற நேரம்தான். பிறகு முதலாளி பக்கம் திரும்பிச் சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

"அண்ணாச்சி மவதான்" என்றார்.

கடை முழுக்கச் சிரிப்பு. அப்பா அந்தச் சிரிப்பு அடங்குமுன் சேலையைப் பழையபடி விரித்து, முந்தி இந்தப் பக்கம் என்று வாடிக்கையாளரிடம் காட்ட ஆரம்பித்தார். அதன் பிறகு தீபாவளி வந்து போனது, அவரை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. கூட்டம் குறைந்த நேரங்களில் முதலாளி அந்தக் கேள்வியைத் திரும்பவும் கேட்பார் என்றும், அப்பா அதே பதிலைச் சொல்வார் என்றும் உடன் வேலை பார்த்தவர் ஒருவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் வேலைக்காகச் சொன்னார். நான் ஒரு காரணமும் இல்லாமல், அவரைவிட ஒரு நாள் முன்னதாக, மைக்கில் சொன்னேன்.