நிலா ரொக்கட்டின் அறபுப் பெட்டி

ஒரு சாண் நீளமுள்ள தகர ரொக்கட்டுக்கான அட்டைப்பெட்டி அது. மூடியில் கருநீல வானம், மஞ்சள் நிலா, தீயைக் கக்கிக்கொண்டு மேலேறும் சிவப்பு ரொக்கட், அதன் கண்ணாடிக் கூட்டுக்குள் சிரித்தபடி ஒரு விண்வெளி வீரன். ரொக்கட்டின் வயிற்றுக்குக் கீழே, ஆங்கிலப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், தடித்த கறுப்பு அறபு எழுத்துகள். மச்சான் அதை முதன்முதலாகக் கல்முனையிலுள்ள என் அச்சகத்துக்கு எடுத்துவந்தபோது, பெட்டியை மேசையில் வைக்கவில்லை. இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்று, முதலில் மேசையைத் துடைக்கச் சொன்னார். துடைத்தேன். ஈரம் காயும்வரை காத்திருந்து பிறகுதான் வைத்தார்.

மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது அக்காவின் கணவர்; அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். கலியாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருடங்கள் வளைகுடாவில் ஒரு பொம்மை இறக்குமதிக்காரரின் களஞ்சியத்தில் வேலை செய்தவர். அங்கே யாரும் வாங்காமல் தேங்கிக் கிடந்த பழைய சரக்கிலிருந்துதான் அவருடைய சேகரிப்புத் தொடங்கியது. ஜப்பானில் செய்த தகர விண்கலங்கள், பற்றரி போட்டால் மின்னிக்கொண்டு சுற்றும் பறக்கும் தட்டுகள், சக்கரத்தைத் தரையில் உரசிவிட்டால் வாலில் பொறி பறக்கும் ரொக்கட்டுகள். ஊருக்குத் திரும்பி மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை போட்ட பிறகும் வெளிநாட்டில் இருந்த பழைய கூட்டாளிகள் மூலம் ஒவ்வொன்றாக வரவழைத்தார். ராத்தாவின் வீட்டில் ஓர் அறை முழுக்க அலுமாரிகள். அதற்குள் அவர் விண்கலங்களைவிடப் பெட்டிகளைத்தான் கவனமாக வைத்திருந்தார். ஏனென்று ஒருநாள் கேட்டேன். “ரொக்கட் எங்க போனாலும் ஒண்டுதான் மச்சான். பெட்டிதான் அது எந்த ஊருக்குப் போச்சுது, எப்ப போச்சுது எண்டு சொல்லும்” என்றார்.

அச்சுத் தொழில் தெரிந்தவன் என்பதால் அந்த விடயத்தில் அவருக்கு நான் தேவைப்பட்டேன். ஒரே ரொக்கட்டின் இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் நிலா ஏன் வெளிறியிருக்கிறது என்று கேட்பார். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்து, இது நாலு நிறத்தில் அடித்தது, அது செலவைக் குறைக்க மூன்று நிறத்தில் அடித்தது என்பேன். இன்னொன்றில் வீரனின் உதடு கன்னத்துக்கு நகர்ந்திருக்கும். சிவப்பு நிறத்துக்கான அச்சுத் தகடு அரை மில்லிமீட்டர் விலகியதால் வந்தது. அப்படிப் பிழையாக அடித்த பெட்டிகள்தான் அவருக்கு மிகவும் பிடித்தவை. எல்லாவற்றிலும் அரிதானவை அந்த அறபுப் பெட்டிகள். வளைகுடாவில் விற்பதற்கென்று கொஞ்சமாக அடிக்கப்பட்டவை. மூன்று வகை இருந்தன: ஆங்கிலத்தின் மேல் அறபுத் துண்டு ஒட்டியது, கறுப்பில் அச்சடித்தது, சிவப்பில் அச்சடித்தது. மூன்றையும் வைத்திருப்பவர்கள் உலகத்திலேயே ஒருசிலர்தான் இருப்பார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். நிறங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவற்றை நான் ஸ்கேன் செய்து அச்சகத்துக் கணினியில் வைத்தேன். எழுத்துகளை அவரே வாசித்துக் காட்டினார். “ஸாரூஹுல் கமர். நிலா ரொக்கட்.” அன்றைக்கு அது எனக்கு அழகான பெயராக மட்டும்தான் கேட்டது.

பிறகு அந்த ஏப்ரல் வந்தது. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன; வெடிக்கவைத்தவர்கள் எங்களைப் போல முஸ்லிம் பெயர் வைத்திருந்தவர்கள். சில நாட்களில் எங்கள் கரையோரத்திலேயே, அந்தி மஃரிப் தொழுகை முடிந்த நேரத்தில், ஜன்னல்கள் அதிரும்படி ஒரு சத்தம் கேட்டது. அடுத்த நாளிலிருந்து வீடு வீடாகச் சோதனை. அந்த நாட்களின் பயத்தை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. குற்றம் செய்தவனுக்குத் தான் எதை ஒளிக்கவேண்டும் என்று தெரியும். எங்களுக்கு அது தெரியவில்லை. வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளையும் வேறொருவருடைய கண்ணால் பார்க்கத் தொடங்கினோம். மாடு அறுக்கும் கத்தியைக் கிணற்றில் போட்டவர்கள் இருந்தார்கள். மகனின் விஞ்ஞானப் பாடக் கொப்பியை எரித்தவர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். அதில் மின்சுற்றுப் படங்கள் இருந்தனவாம். எரித்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. புகையைப் பார்த்து யாராவது கேட்டால் என்ன சொல்வது?

ராத்தாவின் வீட்டு அறையில் வயர்களும் பற்றரிக் கூடுகளும் உள்ள நாற்பதுக்கு மேற்பட்ட ரொக்கட்டுகள் இருந்தன. “எல்லாத்தையும் கொண்டுபோய்க் கடல்ல போடுங்க. புள்ளையளப் பாருங்க” என்று ராத்தா அழுதாள். மச்சானுக்கு விண்கலங்களைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. பார்த்தவுடனே அவை பொம்மை என்று தெரிந்துவிடும் என்றார். அவரைத் தூங்கவிடாமல் செய்தது ஒரே ஒரு சொல்தான். அறபில் ‘ஸாரூஹ்’ என்றால் ரொக்கட். ஏவுகணைக்கும் அதே சொல்தான்.

ஊரடங்கு சில மணி நேரம் தளர்த்தப்பட்ட ஒரு காலையில் அவர் அச்சகத்துக்கு வந்தார். கதவைப் பாதிதான் திறந்து வைத்திருந்தேன். மடித்துத் தட்டையாக்கிய மூன்று பெட்டிகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தார்.

“மச்சான், இத இஞ்ச வெச்சிரு. உன்ட கலியாணக் காட் கட்டுகளுக்குள்ள அறபு எழுத்து கிடக்கிறது புதினமில்ல. ஆரும் பாக்கமாட்டாங்க.”

அவர் சொன்னது சரிதான். என்னிடம் அறபில் அச்சடித்த அழைப்பிதழ்களும் பள்ளிவாசல் அறிவித்தல்களும் கட்டுக் கட்டாக இருந்தன. ஆனால் அவற்றை நினைத்துத்தான் நான் ஏற்கெனவே பயந்துகொண்டிருந்தேன். “ஏலா மச்சான்” என்றேன். “எனக்கும் புள்ளையள் இரிக்கி.”

அவர் கோபப்படவில்லை. “ஓம், ஓம், சரிதான்” என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் பொதியைத் திரும்பவும் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். சைக்கிளில் ஏறுவதற்கு முன் இரண்டு பக்கமும் பார்த்தார். தெருவைக் கடக்க நிற்கும் பிள்ளையைப் போல. அவர் போன கையோடு நான் இன்னொன்றும் செய்தேன். கணினியைத் திறந்து அந்த ஸ்கேன் படங்கள் மூன்றையும் அழித்தேன். அவசரத்தில் இரண்டு முறை பிழையான இடத்தில் அழுத்தினேன்.

அவர் வந்துபோன மூன்றாம் நாள் காலையில் சோதனை ராத்தாவின் வீட்டுக்கு வந்தது. ராத்தா போன் எடுத்துச் சொல்ல, நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது வாசலில் இராணுவத்தினர் நின்றார்கள். உள்ளே ஒரு பொலிஸ் அதிகாரி அலுமாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முரட்டுத்தனம் எதுவும் இல்லை. பறக்கும் தட்டு ஒன்றை எடுத்துச் சுழற்றிப் பார்த்து, தன் மகனிடமும் இப்படி ஒன்று இருக்கிறது என்று தமிழில் சொன்னார். ராத்தாவின் முகத்தில் உயிர் வந்தது. அப்போது அதிகாரியின் கை அடித்தட்டில் இருந்த மூன்று பெட்டிகளில் போய் நின்றது.

மூன்றிலும் ரொக்கட்டுக்குக் கீழே நீள்சதுரமாக ஓட்டை. பிளேட்டை அடிமட்டத்தோடு பிடித்து வெட்டிய நேரான விளிம்புகள். பெட்டிகளை அழிக்க மனம் வராமல், எழுத்துகளை மட்டும் மச்சான் வெட்டி எடுத்திருந்தார்.

“இதில என்ன இருந்தது?”

“பெயர் சேர்.”

“என்ன பெயர்?”

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். “நிலா ரொக்கட்.”

“அதை ஏன் வெட்டினீங்க?”

பயத்தில் என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது விளங்கியிருக்கும். ஆனால் எதற்குப் பயம் என்று அடுத்த கேள்வி வரும். வெட்டிய துண்டுகள் எங்கே என்று கேட்டார்கள். எரித்துவிட்டேன் என்றார். எழுத்து இருந்திருந்தால் யாராவது வாசித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஓட்டையை வாசிக்க யாராலும் முடியாது. அவரையும் பெட்டிகளையும் ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் செருப்பைப் போட மறந்து போனார். நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

ராத்தா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “நீதானே அந்தப் பெட்டியளப் படம் புடிச்சு வெச்சிரிக்க தம்பி? போய்க் காட்டு. அதுல என்ன எழுதிக் கிடந்தது எண்டு காட்டு!” அழித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை. எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டு அச்சகத்துக்குப் போனேன். கணினியில் எல்லா இடமும் தேடினேன். குப்பைத் தொட்டியைக்கூட அன்றைக்கே காலிசெய்து வைத்திருந்தேன். அவ்வளவு கவனம்.

அச்சகத்தில் வடிவமைப்பு வேலை செய்தது பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவிலிருந்து வரும் தங்கச்சி ஒருத்தி. குண்டு வெடித்த நாளிலிருந்து அவள் வேலைக்கு வரவில்லை. அவளைக் கூப்பிடவும் பயமாக இருந்தது. அந்த வாரத்தில் எங்கள் ஊருக்கும் அவள் ஊருக்கும் இடையிலிருந்த சிறிய தூரம் மிகவும் நீண்டுபோயிருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்திருப்பேன். கடைசியில் அவளை அழைத்தேன்.

“அண்ணன், அந்த ரொக்கட் படமா?” என்றாள். “ஸ்கூல் விஞ்ஞான மலருக்கு அந்த வானத்த எடுத்தனான். மூண்டு படமும் முழுசா அந்த வேலைக்குள்ளதான் கிடக்கு. என்ட பென்டிரைவில வீட்டயும் இருக்கு. ஏன் அண்ணன், நீங்க வெச்ச இடத்தில இல்லையா?”

“இல்ல” என்றேன்.

ஏன் என்று அவள் திரும்பக் கேட்கவில்லை. அது எந்தப் பெயரில் இருக்கிறது என்று சொல்லித்தந்தாள். மறுநாள் காலை, நான் கேட்காமலே, தகப்பனுடைய மோட்டார் சைக்கிளில் ஏறிப் பென்டிரைவையும் கொண்டுவந்தாள். கணினியில் இருந்தது திறக்காமல் போனால் என்று பயந்தாளாம்.

மூன்று மூடிகளையும் அசல் அளவில், நல்ல தாளில் அச்சடித்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அந்தத் தாள்களைக் கொடுத்தவுடன் என் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். அறபு தெரிந்த ஒருவரை வரவழைத்தார்கள். அவர் தாளைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, மெதுவாக வாசித்தார். நிலா ரொக்கட். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு. பற்றரி தனியாக வாங்கவேண்டும். அதிகாரி தாளை ஓட்டைப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. அன்று பின்னேரம், அஸர் தொழுகை நேரத்துக்கு, பெட்டிகளையும் கொடுத்து மச்சானை விட்டார்கள்.

வெளியே வந்ததும் நான் கொண்டுபோன செருப்பைப் போட்டுக்கொண்டார். அடித்தார்களா என்று கேட்டேன். இல்லை, தேத்தண்ணிகூடக் கொடுத்தார்கள் என்றார். கொஞ்சத் தூரம் நடந்த பிறகு சொன்னார். “வெட்டக்குள்ள எனக்குப் பயம் வரல்ல மச்சான். வெட்டி முடிச்சுப் பாத்த பிறகுதான் வந்திச்சி.” இன்னும் கொஞ்சத் தூரம் போய், “நீ அந்தப் படத்த வெச்சிருந்தபடியாலதான் நான் வந்தன்” என்று என் கையைப் பிடித்தார். நான் கையை இழுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஒரு பெட்டிகூட வாங்கவில்லை. அடுத்த வருடம் கொழும்பிலிருந்து ஒரு சேகரிப்பாளரை வரவழைத்து எல்லாவற்றையும் கொடுத்தார். கடலில் போடச் சொன்ன ராத்தாதான் அன்றைக்கு வேண்டாம் என்று அழுதாள். வந்தவர் அறபுப் பெட்டிகளைப் பார்த்துப் பதறிப்போனார். “ஐயோ, இதுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டார். “எலி கடிச்சிட்டு” என்றார் மச்சான். அந்த மனிதர் நேரான விளிம்புகளில் விரலை ஓட்டிப் பார்த்தார். எங்கள் முகங்களையும் பார்த்தார்.

போன வருடம் மச்சான் மாரடைப்பில் மௌத்தானார். மூன்றாம் நாள் காரைதீவுத் தங்கச்சி துக்கம் விசாரிக்க வந்திருந்தாள். வந்திருந்த பெண்களிடம் ராத்தா அந்த ஏப்ரல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் எல்லாவற்றையும் எரித்துக்கொண்டிருந்தபோது என் தம்பி மட்டும் பயப்படாமல் அந்தப் படங்களைப் பத்திரமாக வைத்திருந்தான் என்றாள். “கேளுங்க, இந்தப் புள்ளைக்கும் தெரியும். இல்லியா புள்ள?”

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. “ஓம் ராத்தா” என்றாள். “அண்ணன்தான் வெச்சிருந்தார்.”

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ராத்தாவின் வீட்டுக்குப் போய் நானே சொல்லிவிட வேண்டும். இந்த வாரம் இரண்டு தரம் அந்தத் தெருவரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.