இன்னா என்றால் என்ன

அம்பத்தூர்ப் பள்ளிக்குத் தமிழாசிரியனாக மாற்றலாகி வந்த முதல் வருடம் முழுக்க அந்த ஒன்பதாம் வகுப்பை வெறுத்தேன். அவர்களுக்கும் என்னைப் பிடிக்கவில்லை. நான் 'ழ' சொல்லும்போதெல்லாம் பின் பெஞ்சில் நாக்கை மடித்து நையாண்டி செய்வார்கள். நான் தெற்கத்திக்காரன், என் தமிழ்தான் தமிழ் என்ற கொழுப்பு எனக்கு. வாயைத் திறந்தாலே 'இன்னா சார்' என்று வரும் அந்தப் பேச்சைக் கேட்டால் உடம்பெல்லாம் எரியும். "இன்னா இல்லை, என்ன. சொல்லு, என்ன" என்று மாதக் கணக்கில் மண்டையில் குட்டியிருக்கிறேன்.

ஒரு நாள் செய்யுள் பாடத்தில் 'இன்னா' என்ற சொல் வந்தது. துன்பம் என்று பொருள். வாசித்ததுமே வகுப்பு கெக்கலித்தது. எரிச்சலோடு, "இன்னா என்றால் என்ன?" என்று கேட்டேன்.

மேனாம்பேட்டிலிருந்து வரும் பெண் ஒருத்தி எழுந்தாள். அதிகம் பேசாதவள்.

"என்ன, சார்."

"என்னவா?"

"ஆமா சார். இன்னான்னா என்ன."

கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்துகொண்டு என்னைக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். மர ஸ்கேலால் உள்ளங்கையில் நான்கு அடி கொடுத்து, அப்பாவைக் கூட்டிவரச் சொன்னேன்.

மறுநாள் அவள் அப்பா காக்கிச் சட்டையோடு, வேலைக்கு நடுவே மகளையும் கூட்டிக்கொண்டு அலுவலக அறையில் வந்து நின்றார். தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர்.

"எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சி சார்? ஊட்ல கேட்டா அழுதுகினே கீது, வாயத் தொறக்க மாட்டேங்குது."

அவர் பேசி முடிக்கும் முன்பே எனக்கு உறைத்தது. அவள் கிண்டல் செய்யவில்லை. இத்தனை மாதமாக நான் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்ததைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். வகுப்பிலேயே என் பேச்சைக் கேட்ட ஒரே பிள்ளை.

பக்கத்து மேசையில் தலைமையாசிரியர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "திமிராகப் பதில் சொல்கிறாள்" என்றேன்.

அப்பா மகளைப் பார்த்தார். "பொட்டப் புள்ளைக்கு இவ்ளோ படிச்சதே போதும் சார். பேக்கிங் வேலைக்குப் பொண்ணுங்கள எடுக்குறாங்க. அங்க தமிழ் கேக்க மாட்டாங்க. பேர எடுத்துடுங்க."

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். என் தப்பு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர் அப்படியே அவளை வகுப்புக்கு அனுப்பியிருப்பார். காரணமில்லாமல் ஒரு பெண்ணை அடித்துவிட்டேன் என்று தலைமையாசிரியர் எதிரில் ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

"உங்கள் விருப்பம்" என்றேன்.

வகுப்பாசிரியன் என்பதால் அவளுடைய மாற்றுச் சான்றிதழை நானே எழுத வேண்டியிருந்தது. பள்ளியை விட்டு விலகுவதற்கான காரணம் என்ற இடத்தில், பிழையில்லாத தமிழில், 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.