நெற்றி இல்லாத பெட்டி

மெஹ்ராஜ் பேகம் ஊதுபத்தியைக் கொளுத்திப் பெட்டிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். புகை மேலே போகாமல் வளைந்து, முகப்பில் இருக்கிற வட்டச் சல்லடைக்குள் நுழைகிறது. அவள் கழுத்தை நீட்டிப் பெட்டியின் மேற்பக்கத்தைப் பார்க்கிறாள். அங்கே இருக்கிற துளைகள் வழியே அதே புகை வெளியே வந்தால் தலையை ஆட்டிக்கொள்வாள். வராவிட்டால் திருப்புளியை எடுத்து எல்லாவற்றையும் கழற்றிவிடுவாள்.

"இன்னா பாயம்மா, எந்த சாமிக்கு?" என்று தெருவில் போகிறவர்கள் கேட்பார்கள்.

"கம்ப்யூட்டர் சாமிக்குத்தான். காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு இதுதான் சொல்லும்" என்பாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் அவள் புருஷன் ஷேக் மைதீனுக்குப் பாத்திரக்கடை. முன்னால் குடமும் தவலையும் அடுக்கியிருக்கும். அதையெல்லாம் தாண்டிப் பின்சுவர் ஓரமாகப் போனால் ஒரு மேசை. அந்த மேசை மட்டும் அவளுடையது. அங்கே உட்கார்ந்துதான் சின்னக் கம்ப்யூட்டர் கட்டுகிறாள். சின்னது என்றால் ஒரு டிபன் கேரியரைப் படுக்க வைத்த அளவுதான். மருந்துக்கடையில் பில் போடுகிற பெண்ணுக்கும் ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் கால் வைக்கவே இடம் கிடையாது, பெரிய பெட்டியை எங்கே வைப்பார்கள்? அவர்கள்தான் இவளிடம் வருகிறார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்திருக்கிறாள். மிச்சத்தைப் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். பேசுகிற பாஷை புரியாது. அதனால் சத்தத்தை அணைத்துவிட்டு, செய்கிறவர்களின் கையை மட்டும் பார்ப்பாள். அவள் வேலையில் பாதி அடுப்படியிலிருந்து வந்ததுதான். திருகாணிகள் ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு குழியிலாக அஞ்சறைப்பெட்டியில் கிடக்கும். கம்ப்யூட்டரின் மூளையான சில்லின்மேல் வைக்கிற பசை ஒரு பச்சரிசி அளவுதான், அதற்குமேல் வைத்தால் வழியும் என்பாள். ஒயர்களைப் பூ கட்டுகிற நாரால் ஓரமாக ஒதுக்கிக் கட்டுவாள். சூடு பார்க்க அவளுக்குப் புறங்கைதான். தோசைக்கல் காய்ந்ததா என்று பார்ப்பதுபோல் பெட்டிக்கு மேலே கையைக் காட்டி, "இன்னும் கோவமாத்தான் கீது" என்பாள்.

"பெருசுல எடம் ஜாஸ்தி, சூடு அதுபாட்டுக்குப் போயிடும். இத்துனூண்டுல நாமதான் வழி காட்டணும்" என்பது அவள் வாயில் அடிக்கடி வருகிற பேச்சு. அதனால் பெட்டியின் எல்லாப் பக்கமும் துளை போடுவாள். இடியாப்ப அச்சுகூட அவ்வளவு துளை கண்டிருக்காது. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

ஷேக் மைதீன் நல்ல மனிதர். இல்லை என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள முடியாது. ஆனாலும் அந்த மேசையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண்ணுக்கு அது அண்டா அடுக்குகிற இடமாகத்தான் தெரியும். இருந்தும் வருஷக்கணக்காக வாயைத் திறக்காமல்தான் இருந்தார். அவர் வாயைத் திறக்க வைத்தது கரியாலூர் பெட்டி.

மலைமேல் கரியாலூரில் இசைவாணி என்று ஒரு பெண். மலை ஜனங்களுக்கு உதவித்தொகைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறாள். தை மாதம் மெஹ்ராஜிடம் ஒரு பெட்டி கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள். சித்திரையில் அதைத் துணிப்பையில் போட்டுக் கீழே கொண்டுவந்தாள். ஓடிக்கொண்டே இருக்கும்போது சூடேறிப் பட்டென்று நின்றுவிடுகிறதாம், பாதி விண்ணப்பம் போய்விடுகிறதாம். மெஹ்ராஜ் மேசையில் வைத்துப் பகல் முழுக்க ஓட்டினாள். சித்திரை வெயிலிலும் அது நிற்கவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே சூட்டை ஆற்றுகிற தகடுகளுக்கு நடுவில் சிவப்பாகத் தூசி. மலையில் செம்மண் பறக்கும் என்று தானே முடிவு கட்டி, சல்லடைக்கு உள்ளே கொசுவலைத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

வைகாசியில் மறுபடியும் வந்தது. இந்த முறை வலை மஞ்சளாகியிருந்தது. சூட்டில் பழுத்துவிட்டது என்று நினைத்தாள். சல்லடைக்குப் பின்னால் காற்றை இன்னும் வேகமாக இழுக்கிற ஃபேனாகப் போட்டாள். கீழே ஓட்டிப் பார்த்தால் குளுகுளுவென்று இருந்தது.

அன்றைக்குத்தான் ஷேக் மைதீன் சொன்னார். "ஆவணி முகூர்த்தத்துக்கு சரக்கு வருது, மெஹ்ராஜ். ஓடாத பொருள நம்ம கடையில குடுத்தாங்கன்னு பேரு வந்துச்சின்னா பாத்திரத்துக்கும் அதே பேருதான். இன்னொருவாட்டி அது ரிப்பேருன்னு இந்தப் படி ஏறிச்சின்னா மேசைய காலி பண்ணிடு."

அவள் குனிந்து அடுத்த பெட்டிக்குத் துளை போட்டாள்.

ஆடி மாதம் இசைவாணி போன் செய்தாள். மறுபடியும் நின்றுபோய்விட்டதாம், எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டாள்.

"எடுத்துக்கினு வராத. அங்கியே இருக்கட்டும், நான் வர்றேன்" என்றாள் மெஹ்ராஜ்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்காகக் கடை பாதி நாள்தான். காலையிலேயே வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினாள். பையில் திருப்புளி, ஊதுபத்தி, ஒரு சம்புடம் நிறையத் திருகாணி. கச்சிராயபாளையம் தாண்டி வளைவு ஏறியதும் ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று அடித்தது. இவ்வளவு காற்று இருக்கிற ஊரில் ஒரு பெட்டி எப்படி மூச்சு முட்டும் என்று அவளுக்குக் கோபம்தான் வந்தது.

இசைவாணி வீட்டில் பெட்டி சாமி மாடத்துக்குக் கீழே ஒரு பலகைமேல் இருந்தது. பளிச்சென்று துடைத்து வைத்திருந்தார்கள். மெஹ்ராஜ் அதை ஓடவிட்டுப் புறங்கையைக் காட்டினாள். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. இசைவாணி வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே, மெஹ்ராஜ் பெட்டிக்கு முன்னால் ஊதுபத்தியைப் பிடித்தாள். புகை ஒழுங்காக உள்ளே போனது. பத்தியைப் பலகை இடுக்கில் செருகிவிட்டுத் தட்டோடு சுவர் ஓரம் ஒதுங்கினாள்.

அப்போது இசைவாணியின் மாமியார் ஆயம்மாள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தார். கையில் ஒரு கிண்ணம் நிறையக் குழைத்த மஞ்சள். வந்திருப்பவரைக் கவனிக்கவில்லை. கவனம் முழுக்க வெள்ளிக்கிழமை வேலைமேல்தான். நிலைப்படிக்கு நெடுக மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். அதே கையோடு உள்ளே வந்து, பெட்டியின் வட்டச் சல்லடையில் விளிம்பிலிருந்து விளிம்புவரை மஞ்சளை அப்பினார். நடுவில் குங்குமத்தை வைத்தார். ஃபேன் அதை இழுத்தது. குங்குமம் ஒரு சிவப்பு நூல்போல உள்ளே போனது.

ஊதுபத்திப் புகை இப்போது நேராக மேலே ஏறியது.

மெஹ்ராஜ் மெல்லுவதை நிறுத்தினாள். அதற்குள் ஆயம்மாளும் அவளைப் பார்த்துவிட்டார். கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "வூட்டுக்கு சோறு போடுற பொருளு தாயி, வெறுமனே வுடக் கூடாதேன்னு வாராவாரம் வெக்கிறது. முகம் எதுன்னு தெரியல, இதுதான் வட்டமா இருந்திச்சி" என்றார்.

மெஹ்ராஜ் இசைவாணியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க கடைக்கு, பாய்வூட்டுக்கு, பொட்டோட எப்படிக்கா எடுத்தாறது? உங்க வூட்டுக்காரரு தப்பா எடுத்துக்கப் போறாருன்னு ஒவ்வொருவாட்டியும் நல்லா தேச்சிக் கழுவி எடுத்தாந்தேன். இன்னிக்கும் நீங்க வர்றீங்கன்னு காலைலயே தொடச்சிட்டேன்."

மெஹ்ராஜ் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "செம்மண்ணு செம்மண்ணுன்னு சித்திரையிலேர்ந்து உங்க மலையத் திட்டிக்கினு கீறேன்" என்றாள்.

இனிமேல் வைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அவள் பெட்டியை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் துளை. பொட்டு வைக்க ஒரு விரல் இடம் இல்லாமல் தானே செய்து வைத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்க்கிறவள்போல் பார்த்தாள். பிறகு சம்புடத்தில் இருந்த திருகாணிகளை மடியில் கொட்டி, அதன் மூடியை எடுத்தாள். பெட்டியை ஓடவிடுகிற பட்டனுக்கு மேலே, காற்று தேவைப்படாத மூலையில் அதை வைத்துத் திருகினாள். சல்லடையைக் கழற்றிக் கழுவி மாட்டினாள்.

"மூக்குல பூசிட்டீங்கம்மா, பாவம் அது எப்படி மூச்சு வுடும்? இந்தாங்க, இதான் அதுக்கு நெத்தி" என்று ஆயம்மாளின் மஞ்சள் கையைப் பிடித்து அந்த மூடியில் வைத்தாள்.

ஆவணி முகூர்த்தத்துக்குச் சரக்கு இறங்கிய நாளில் இசைவாணி பையோடு வந்தாள். ஷேக் மைதீன் இரண்டு கையிலும் அண்டா வைத்திருந்தார். பையைப் பார்த்ததும் அவர் முகம் மேசைப் பக்கம் திரும்பியது. மெஹ்ராஜ் அஞ்சறைப்பெட்டியை மூடி எடுத்துக் கீழே வைத்தாள்.

"திரும்ப நின்னுபோச்சாம்மா?" என்றார் அவர்.

"அதெல்லாம் இல்லண்ணே. ஆடி தொடங்கி ஒருவாட்டிகூட நிக்கல. தூசி மட்டும் தட்டணும்" என்று பெட்டியை வெளியே எடுத்தாள். மூடியின்மேல் மஞ்சளும் குங்குமமும் அப்படியே இருந்தன. இந்த முறை கழுவாமல்தான் கொண்டுவந்திருந்தாள்.

ஷேக் மைதீன் பொட்டையும் பார்த்தார், பெண்சாதியையும் பார்த்தார். கையிலிருந்த அண்டாக்களை மேசைப் பக்கம் கொண்டுவராமல் திரும்பிப் போய் வாசல் ஓரமாக அடுக்கினார்.

மெஹ்ராஜ் பெட்டியை மேசையில் வைத்தாள். தூசி ஊதுகிற சின்ன மிஷினை வலது கையில் எடுத்தாள். இடது உள்ளங்கையைக் குவித்துப் பொட்டின்மேல் படாமல் மறைத்துக்கொண்டு, சல்லடைக்குள் ஊதினாள்.