பாக்கெட் கறி தொட்ட கையால வச்ச சேனை

போன வருசம் கார்த்திகை மாசம். கோம்பைக்குப் பக்கத்துல, எங்க திராட்சைத் தோட்டத்தை ஒட்டுன வீட்டுல நடந்தது. 

எங்க வீட்டுல ஒரு கோம்பை நாய் உண்டு. செவலைன்னு கூப்புடுவோம். முன்னாடியெல்லாம் அதுக்குக் கம்பங்கூழும் மோருஞ்சோறும்தான். நான்தான் போன்ல வீடியோ பாத்துப் பாத்துப் பெரிய மேதாவி ஆகி, தேனியில ஒரு கடையில நாய்களுக்குன்னே விக்கிற பச்சக்கறிப் பாக்கெட்ட வாங்க ஆரம்பிச்சேன். கோழிக்கறி, ஈரல், எலும்பு எல்லாத்தையும் சேத்து அரைச்சு, ஐஸா உறைய வச்சுக் குடுப்பாக. வேக வைக்கக் கூடாதாம். பச்சையா வச்சாத்தான் சத்தாம். "வீட்டுல இருக்கிறவன் சுடுசோறு கேட்டா ஊத்தாத, நாய்க்கு மட்டும் ஐஸ்பெட்டியில விருந்து வையி"ன்னு எங்கம்மா கேலி பண்ணுவாக. நான் காதுலயே வாங்கல. ரெண்டே மாசத்துல செவலைக்கு முடி பளபளன்னு ஆயிருச்சு. அதக் கூட்டிட்டுத் தெருவுல நடந்தா எனக்கு ஒரு மெதப்பு.

அந்த நேரத்துலதான் தங்கச்சி பிரசவத்துக்கு வந்திருந்தா. தேனி ஆஸ்பத்திரியில பொம்பளப் பிள்ளை பொறந்துச்சு. எங்க பக்கம், பொறந்த பிள்ளை நாக்குல சீனித்தண்ணிய ஒரு சொட்டு தொட்டு வைப்போம். அதுக்குப் பேருதான் சேனை. யாரு வைக்கிறாகளோ அவுக குணம் பிள்ளைக்கு வரும்னு பேச்சு. ஆனா அங்க இருந்த நர்சம்மா, "தாய்ப்பாலத் தவிர ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகக் கூடாது"ன்னு கண்டிச்சுச் சொல்லிட்டாக. நாங்களும் தலைய ஆட்டிட்டு, வீட்டுல போயி வச்சுக்கிருவோம்னு இருந்துட்டோம். தாய்மாமன் நான்தான் வைக்கணும்னு தங்கச்சிக்கு அம்புட்டு ஆசை.

அஞ்சாம் நாள் காலையில வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். அம்மா காலண்டரப் பாத்து நல்ல நேரம் குறிச்சு வச்சிருந்தாக. நான் கொல்லைப்பக்கம் செவலைக்குப் பாக்கெட்ட வெட்டி, பாதி உருகுன கறியக் கையால பிச்சுப் பிச்சுத் தட்டுல போட்டுக்கிட்டு இருந்தேன். உள்ள இருந்து அம்மா சத்தம். "ஏலே, நேரம் முடியப்போகுது, வெரசா வாடா!" குழாயில கைய ஒரு அலசு அலசி, கைலியில தொடச்சுக்கிட்டு ஓடுனேன். சோப்பு போடணும்னு புத்தியில தோணவே இல்ல. சீனித்தண்ணியில விரல முக்கி நாக்குல வச்சேன். பிள்ளை விரலப் பிடிச்சுச் சப்புச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

சேனை வச்ச மூணாம் நாள் மத்தியானம் பிள்ளை பால் குடிக்க மாட்டேன்னு முகத்தத் திருப்பிக்கிருச்சு. தொட்டா உடம்பு கொதிக்குது. தண்ணி தண்ணியாப் போச்சு. துணிய மாத்தும்போது பாத்தா, அதுல நூலு நூலா ரத்தம். அம்மா மாந்தமா இருக்கும், உரைமருந்து உரசித் தாரேன்னாக. தங்கச்சி, "வண்டிய எடுண்ணே"ன்னு அலறுனா.

திராட்சை ஏத்துற பிக்கப் வண்டியிலதான் போனோம். உத்தமபாளையம் தாண்டுற வரைக்கும் பிள்ளை அழுதுச்சு. அப்புறம் சத்தம் நின்னுருச்சு. சின்னமனூர்ல ஒரு லாரிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டேன். "அழுகுதா?"ன்னு கேட்டேன். "அழுகலண்ணே"ன்னா. கொஞ்ச தூரம் போயி மறுபடியும் கேட்டேன். "நீ வண்டிய வெரசா ஓட்டுண்ணே"ன்னா. எனக்குத் திரும்பிப் பாக்கப் பயம். 

தேனி ஆஸ்பத்திரியில பிள்ளைய வாங்கிட்டு உள்ள ஓடுனாக. கொஞ்ச நேரத்துல டாக்டரம்மா வெளிய வந்து, "தாய்ப்பாலத் தவிர வேற ஏதாவது குடுத்தீகளா?"ன்னு கேட்டாக. அம்மா, "ஒண்ணுமே குடுக்கலம்மா"ன்னு பட்டுன்னு சொல்லிட்டாக. நர்சம்மா திட்டுவாகன்னு பயம். தங்கச்சி என் முகத்தப் பாத்தா. அவளுக்குச் சேனை மட்டும்தான் தெரியும். அதுக்கு முன்னாடி என் கை எங்கன இருந்துச்சுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். பாக்கெட்டுல சின்ன எழுத்துல போட்டிருந்தது அப்பத்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. தொட்ட கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவணும், பிள்ளைக கிட்ட வைக்கக் கூடாதுன்னு. நான் வாயத் தொறக்கல. டாக்டரம்மா உள்ள போயிட்டாக.

கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் எனக்கு மனசு கேக்கல. ஓடிப்போயி கதவத் தட்டி, சேனை வச்சது, பச்சக்கறி, சோப்புப் போடாத கை, எல்லாத்தையும் கொட்டிட்டேன். டாக்டரம்மா என்னையத் திட்டல. உள்ள திரும்பி என்னமோ டெஸ்ட் பேரு சொல்லி, மருந்த மாத்தச் சொன்னாக. "கேட்டப்பவே சொல்லிருக்கணும்"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாக.

தங்கச்சிக்கிட்டயும் நானே சொன்னேன். அவ கத்துவான்னு நெனச்சேன். கத்தல. "அங்கனயே நில்லு, கிட்ட வராத"ன்னா. கோயமுத்தூர்ல இருந்து பதறியடிச்சு வந்த தங்கச்சி மாப்பிள்ளையும் என் கூடப் பேசல. மூணு நாள் மாடிப்படிக்குக் கீழயே உக்காந்திருந்தேன். ஒவ்வொரு தடவை கதவு தொறக்கும்போதும் எந்திரிச்சு எட்டிப் பாத்தேன். கும்பிடாத சாமி இல்ல.

ரிசல்ட்ல, வேகாத கோழிக்கறியில இருக்கிற கிருமின்னு வந்துச்சு. "உங்க கையில இருந்துதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வேற எங்கிட்டு இருந்து வந்திருக்கும்னும் எனக்குத் தெரியல"ன்னாக டாக்டரம்மா. நாலாம் நாள் தங்கச்சி படிக்கட்டுல எறங்கி வந்து, "பால் குடிச்சிருச்சுண்ணே"ன்னா. அங்கனயே தூணப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்.

இப்பப் பிள்ளை தவழுது. செவலைக்குக் கறிய வேக வச்சுத்தான் போடுறோம். அதுக்கு அன்னைக்கும் ஒண்ணும் ஆகல, இன்னைக்கும் நல்லாத்தான் இருக்கு. நான் டாக்டர்கிட்ட ஓடிப்போயிச் சொன்னதால பிள்ளை பொழச்சுச்சுன்னு சொந்தபந்தமெல்லாம் என்னையப் பெருமையாப் பேசுறாக. ஆனா டாக்டரம்மா கேட்டதுக்கும் நான் கதவத் தட்டுனதுக்கும் நடுவுல பத்து நிமிசம் இருக்கும். அந்தப் பத்து நிமிசம் என் மருமக உசுர விட என் பேரு எனக்குப் பெருசா இருந்துருக்கு, இத யாருகிட்டயும் சொன்னதில்ல, இங்கதான் மொத மொதல்ல சொல்றேன்.