பழுது இல்லை என்று மூன்று முறை

“தொலைபேசி உதவியாளர், இரண்டாம் நிலை: மேற்பார்வையாளரின் நேரடிக் கண்காணிப்பில் பணியாற்றுவார். இருபத்தைந்து கிலோ எடையைத் தனியாகத் தூக்கவும் உயரமான ஏணியில் ஏறவும் உடல்தகுதி பெற்றவர். சுயமாக முடிவெடுக்க வேண்டிய தேவை இப்பணியில் எழாது.”

நிறுவனத்தின் கோப்பில் இப்படி வர்ணிக்கப்பட்டவருக்கு வயது ஐம்பத்து மூன்று. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. வலது முழங்கால் மாடிப்படியைக் கண்டாலே முனகும். ஏணி ஏற வேண்டி வந்தால், போன இடத்தில் இருப்பவர்களிலேயே நெட்டையான ஆளைப் பார்த்து “தம்பி, ஏறுங்க” என்பார். தம்பிக்கு அறுபது வயதானாலும் ஏறிவிடுவார். மேற்பார்வையாளர் இவரைக் கண்காணித்ததாகத் தகவல் ஏதும் இல்லை. எங்காவது சிக்கிக்கொண்டால் அந்த மேற்பார்வையாளரே போன் போட்டு, “அக்கா, இப்ப என்ன பண்றது?” என்று கேட்பதுதான் வழக்கம். கோப்பைத் தவிர மற்ற எல்லோருக்கும் அவர் ஒயரக்கா.

இணையத்தில் ஓடும் அலுவலகத் தொலைபேசிகளை உயிரோடு வைத்திருப்பது அவர் தொழில். அந்தப் போன்களுக்கு ஒரு குணம் உண்டு. வகுப்புப் பிள்ளைகள் மாதிரி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை எங்கோ இருக்கும் சர்வருக்கு ‘உள்ளேன்’ என்று ஆஜர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லத் தவறினால் சர்வர் பேரை அடித்துவிடும். அப்புறம் உலகமே கூப்பிட்டாலும் மணி அடிக்காது. ஏன் சொல்லத் தவறியது என்று கண்டுபிடிப்பதில் ஒயரக்கா பதினெட்டு வருடமாகத் தோற்றதில்லை. இதை அவரே சொல்வார், யாரும் கேட்காமலேயே.

அப்படிப்பட்டவரை ஒரு லிஃப்ட் பராமரிப்பு அலுவலகம் ஒரே மாதத்தில் மூன்று முறை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியது. மூன்று முறையும் ஒரே புகார்தான்: காலை பத்தரை வாக்கில் எல்லாப் போன்களின் திரையிலும் ‘சர்வர் தொடர்பு இல்லை’ என்று வந்து நிற்கிறது. ஒயரக்கா போவார், நேரே கூட்ட அறைக்குள் நுழைவார், மடிக்கணினியை மாட்டுவார். அது விழித்துக்கொள்வதற்குள் வெளியே போன்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டு அலற ஆரம்பித்துவிடும். சோதித்துப் பார்த்தால் எல்லாம் சுத்தம். பணித்தாளில் மூன்று முறையும் ‘பழுது இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கார் சீட்டுக்கு உறை தைக்கும் அவர் கணவருக்கு இது போதாதா?

“போனெல்லாம் உன்னப் பார்த்ததும் எழுந்து நிக்குது. இருபத்தாறு வருஷமா நானும் அதத்தானே பண்றேன்?”

“நீங்க எழுந்து நின்னத நான் பார்த்ததே இல்லையே.”

“உனக்குப் பின்னாடி நின்னேன்.”

நான்காவது புகார் ஒரு வியாழக்கிழமை வந்தது. அன்றைக்குக் கூட்ட அறை காலியாக இல்லை. கட்டடக்காரர்கள் இருவர் மேசை முழுக்க வரைபடங்களை விரித்துக்கொண்டு, இல்லாத மாடிகளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒயரக்கா வேறு வழியில்லாமல் வரவேற்பு மேசையருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வரும் அழைப்புகளை எடுக்கும் பெண் அங்கே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

“நாளையோட எனக்குக் கடைசிக்கா.”

“ஏன், கல்யாணமா?”

“வேலைய விட்டு அனுப்புறாங்க.”

போன வாரம் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். அவர் விடாமல் கூப்பிட்டும் இங்கே யாரும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் ஓய்வாக இருக்கலாம் என்று இந்தப் பெண்தான் எதையோ பிடுங்கி வைக்கிறாள் என்பது மேலாளரின் முடிவு.

“நான் எதையும் தொடலன்னு அழுதேன்கா. உங்க தாள் மூணையும் எடுத்து முன்னாடி வெச்சாரு. ‘பதினெட்டு வருஷ அனுபவம் இவங்களுக்கு. போன்ல பழுதில்லைன்னு மூணு தடவை எழுதியிருக்காங்க. அப்ப பழுது யாருகிட்ட?’ன்னு கேக்குறாரு.”

தன் கையெழுத்தின்மேல் ஒயரக்காவுக்கு அன்றுவரை பெருமைதான் இருந்தது.

அவர் மேசைமேல் இருந்த போனைப் பார்த்தார். ‘சர்வர் தொடர்பு இல்லை.’ ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தார். அதேதான். இருபது நிமிடம் ஆனது. அவர் முகம் மலர்ந்தது.

“இன்னும் செத்துத்தான் கிடக்குது!”

“நல்லா சந்தோஷப்படுங்க” என்றாள் அந்தப் பெண்.

ஒயரக்கா எழுந்து, மூலையில் எல்லா ஒயர்களும் வந்து சேரும் பெட்டியிடம் போனார். நல்ல நாளில் அதன் விளக்குகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கண் சிமிட்டும். இப்போது அத்தனையும் சேர்ந்து பேய் பிடித்த மாதிரி துடித்தன. சுவரிலிருந்து கிளம்பிய ஒயர் எங்கோ ஒரு சுற்றுச் சுற்றிச் சுவருக்கே திரும்பியிருக்கிறது. அதுவரை சந்தேகமில்லை. எங்கே? மற்ற மூன்று நாளும் செய்து இன்று செய்யாதது என்ன? பையை வைத்தார், இன்றும் வைத்தார். தண்ணீர் குடித்தார், இன்றும் குடித்தார். கூட்ட அறைப் போனின் பின்னாலிருந்து ஒரு ஒயரைப் பிடுங்கித் தன் மடிக்கணினியில் மாட்டினார். இன்று அதை மட்டும் செய்யவில்லை.

அட, பாவி மனுஷி.

கூட்ட அறைக் கதவைத் திறந்தார். “ரெண்டு நிமிஷம். உங்க கட்டடம் எங்கயும் போயிடாது.” வரைபடத்தின்மேல் கையை நீட்டி அந்த ஒயரைப் பிடுங்கினார். ஒரு நிமிடத்தில் வெளியே மணி அடித்தது. மறுபடி மாட்டினார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கியது. மறுபடி பிடுங்கினார். கட்டடக்காரர்கள் சண்டையை மறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அலுவலகத்தில் மேலாளருக்கு நேர்கோடு என்று பெயர். அவர் மேசையில் பேனாக்கள்கூட வரிசை தப்பாமல் படுத்திருக்கும். அவரைக் கூட்ட அறைக்கு அழைத்தார் ஒயரக்கா.

“சார், இத யாரு இங்க மாட்டுறது?”

“நான்தான்” என்றார் நேர்கோடு, பாராட்டை எதிர்பார்த்து. “வாரம் ஒரு நாள் காலைல கூட்டம் முடிஞ்சதும் கம்ப்யூட்டர் ஒயர அப்படியே போட்டுட்டுப் போயிடுறாங்க. போனுக்குப் பின்னாடி ஒரு இடம் காலியா இருக்கு. அளவும் கச்சிதம். மாட்டாம எப்படி மேடம் இருக்க முடியும்?”

“அளவு சரியா இருந்தா அடுத்தவங்க செருப்பையும் மாட்டிக்குவீங்களா? போனுக்கு ஏற்கெனவே ஒரு ஒயர் சுவத்துலேருந்து வருது. நீங்க மாட்டுறதும் சுவத்துலேருந்துதான் வருது. உள்ள போன சேதி வெளிய வர வழியில்லாம சுத்துது, ஒண்ணு ஆயிரமாகுது. அந்த நெரிசல்ல எந்தப் போனு ஆஜர் சொல்லும்?”

மேலாளர் ஒயரின் முனையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, “அப்ப நாங்க கூப்பிட்டதும் நீங்க வந்து…”

“நானே பிடுங்கி, நானே சரி பண்ணி, நானே பழுதில்லைன்னு எழுதியிருக்கேன்.”

“சரி, இன்னைக்கு ‘சரிசெய்யப்பட்டது’ன்னு எழுதிக்குடுங்க. பழசு பழசாவே இருக்கட்டும். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாச்சு, இந்தப் பொண்ணு விஷயமும் அத வெச்சுத்தான் முடிவாச்சு. இப்ப மாத்திச் சொன்னா எனக்குக் கேவலம்.”

ஒயரக்கா மேற்பார்வையாளருக்குப் போன் போட்டார், எல்லோர் காதிலும் விழும்படி.

“மூடின தாள்ல கை வைக்க விதி இல்லையேக்கா.”

“விதி இருக்கான்னு கேக்கல. நகல் மூணையும் இங்க அனுப்புன்னு சொல்றேன்.”

“பதினெட்டு வருஷ ரெக்கார்டுக்கா! உங்க பேருதான் கெட்டுப்போகும்.”

“என் பேரு, நான் கெடுத்துக்கறேன். அனுப்புடா.”

அச்சடித்த நகல்கள் கைக்கு வந்தன. வரவேற்பு மேசைப் பெண் பேனாவை நீட்டினாள். ஒயரக்கா நின்றபடியே மூன்றிலும் எழுதினார். எழுதியதை மேலாளர் இரண்டு முறை படித்தார். தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதைத் தவிர அதை வைத்துக்கொண்டு வேறு எதுவும் செய்ய முடியாது என்று அவருக்கே தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்கென்று தயாராக இருந்த வேலைநீக்கக் கடிதத்தை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து, பிசிறில்லாமல் கிழித்தார்.

மூன்று தாள்களிலும் ‘பழுது இல்லை’ என்பதை அடித்துவிட்டு, ‘பழுது இருந்தது, நான் கவனிக்கவில்லை, போன் எடுக்கும் பெண் சொன்னது உண்மை’ என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார் ஒயரக்கா.