நஞ்சுக்கொடி விழுந்த நேரம்

எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் அவரை ‘ஐஸ்பெட்டி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிரசவ வார்டிலிருந்து நஞ்சுக்கொடித் துண்டுகளை ஐஸ்பெட்டியில் கொண்டுவருவது அவர் வேலை. பத்தாவது ஃபெயில், பதினாறு வருட அனுபவம். நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. சேர்ந்து எட்டு மாதம். அவர் மேல் எனக்குப் பொறாமை என்று ஒப்புக்கொள்ளவே ஐந்து மாதம் பிடித்தது.

செல் தன் பழுதான பாகங்களைத் தானே உடைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறியவர்களின் நஞ்சுக்கொடியில் இந்த வேலை எப்படித் தடுமாறுகிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. ரத்த ஓட்டம் நின்றால் செல் பட்டினியில் தன்னையே வேகமாகத் தின்ன ஆரம்பித்துவிடும். அதனால், நஞ்சுக்கொடி விழுந்த இருபது நிமிடத்துக்குள் ஐஸில் வைக்காத துண்டு ஆய்வில் சேராது.

"வீட்ல சாமான் தீர்ந்துபோனா பழைய டப்பாவையெல்லாம் தட்டித் தட்டி எடுப்போமே, அதாம்மா" என்பார் அக்கா.

ஒருநாள் அதைக் கேட்டு, ஆய்வை நடத்தும் மேடம் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உன் கட்டுரையில இவ்வளவு தெளிவு இல்லையே?"

எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான், துண்டுகள் வைத்த டப்பாக்களில் நஞ்சுக்கொடி விழுந்ததாக அவர் எழுதிய நேரத்தை வார்டு பதிவேட்டோடு ஒப்பிட்டேன். ஏழு டப்பாக்களில் பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளி எழுதியிருந்தார். பதிவேட்டின்படி ஏழுமே இருபது நிமிடம் தாண்டி ஐஸுக்கு வந்தவை. வசமாக மாட்டினார்! "அக்கா நேரத்தை மாத்தி எழுதறாங்க" என்று மேடமிடம் போட்டுக்கொடுத்தேன்.

"நிஜம்னா அவங்களை வேலைல வச்சுக்க முடியாது. நாளைக்கு நீயே கூடப் போய்ப் பாரு."

மறுநாள் வார்டில் குழந்தை பிறந்ததும் நர்ஸ் பதிவேட்டில் 11.04 என்று எழுதினார். அக்கா பெட்டியை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தார்.

"நேரம் போகுதுக்கா!"

"கொடி இன்னும் உள்ளதானே இருக்கு? புள்ள வந்தா எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சியா?"

11.18-க்கு நஞ்சுக்கொடி வந்தது. கடிகாரத்தைப் பார்த்து அந்த நேரத்தை எழுதினார். நான் பதிவேட்டில் பார்த்து ஒப்பிட்டதெல்லாம் குழந்தைகள் பிறந்த நேரம். இவ்வளவு படித்தும் எனக்குத் தோன்றவில்லையா, பொறாமை தோன்ற விடவில்லையா?

திரும்பும்போது கேட்டார், "இன்னிக்கு எதுக்கும்மா கூட வந்த?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "உங்களை மாட்டிவிடக்கா."

நின்றார். பெட்டியை என் கையில் திணித்தார். "அப்ப நீயே கொண்டுபோய்ச் சொல்லு. ஐஸ் கரையறதுக்குள்ள."

மேடமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் புகாரால் ஒதுக்கி வைத்திருந்த ஏழு டப்பாக்களையும் ஆய்வில் திரும்பச் சேர்த்தோம். மேடம் அக்காவைக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் வயிறு எரிந்தது.