தனி மேசைச் சோறு

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறேன். விடியுமுன் கிளம்பிவிடுவேன். மனைவிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். இரண்டாம் ஆண்டு படிக்கும் எங்கள் எட்டு வயது மகள் பாதி நாள் வெறும் பிஸ்கட்டோடுதான் பள்ளிக்குப் போவாள். கிளினிக்கில் எடை பார்த்த தாதி, "வயசுக்குப் பிள்ளை தேறல அண்ணே" என்றார். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் அரசாங்கம் போடும் இலவச உணவு அவளுக்கும் கிடைத்தது. முருகன் கண் திறந்தான் என்றிருந்தேன்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். வாசலிலேயே வகுப்பாசிரியை என்னை நிறுத்தினார்.

"உங்க மகளை மெச்சணும் ஐயா. இந்த வயசுல என்ன விரதம்! முட்டை, கோழி எதையும் தொடறதில்ல. ஆனா, சாப்பிடாத பிள்ளைக்கு இடம் வச்சிருக்க முடியாது. வேற பிள்ளைங்க காத்திருக்கு."

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் சைவம். எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை, வெள்ளிக்கிழமை பள்ளியே கிடையாது.

கூட்டத்திலும் அந்தச் சோற்றுப் பேச்சுதான். எல்லாப் பிள்ளைக்கும் போடச் சொல்லிக் கேட்கலாம் என்றார் ஓர் அம்மா.

"கார்ல வந்து இறங்கற பிள்ளைக்கு எதுக்குலா இலவசச் சோறு?" என்றார் மளிகைக்கடைக்காரர்.

"கோயில் அன்னதானத்துல முதல் பந்தியில நீங்கதானே அண்ணே உட்கார்றீங்க? உங்களுக்கு வசதி இல்லாமயா?" என்றார் அந்த அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கூட்டத்துக்கு வந்திருந்த சட்டமன்ற உறுப்பினரின் ஆள் மட்டும் சிரிக்கவில்லை. மேலிடத்தில் சொல்வதாகச் சொன்னார், பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார், போய்விட்டார். எனக்கோ அந்த அம்மா கேட்டதிலேயே மனம் நின்றுவிட்டது. கோயில் பந்தியில் பக்கத்து இலைக்காரனை யார் என்ன என்று எவரும் கேட்பதில்லையே.

வீட்டுக்கு வந்து மகளை மடியில் உட்கார வைத்துக் கேட்டேன். அழுதாள்.

"சாப்பாட்டுக்கு ரெஹாட் மணி அடிச்சா எங்களை மட்டும் தனி மேசைக்குக் கூப்பிடுவாங்கப்பா. மத்தவங்க 'சோத்துக் கட்சி வந்துருச்சு'ன்னு கத்துவாங்க. விரதம்னு சொல்லிட்டுப் போகாம இருந்தா யாரும் சிரிக்க மாட்டாங்க."

"சாமி பேர்லயா பொய் சொன்ன?" என்று மனைவி கையை ஓங்கினாள். நான் தடுத்துவிட்டேன். பசியோடு இருந்த பிள்ளை மறைந்துகொள்ளச் சாமியைத் தவிர வேறு யாரைத் தேடும்?

ஞாயிறு பள்ளி நாள். தோட்டத்தில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். உண்மையைச் சொன்னால் பிள்ளையின் மானம் போகும். சொல்லாவிட்டால் சோறு போகும்.

"விரதம் முடிஞ்சிருச்சு டீச்சர். இனிமே சாப்பிடும்" என்றேன். "அந்தத் தனி மேசை மட்டும் இல்லாம..."

"எனக்கும் மனசு கேட்கலங்கய்யா. யார் சாப்பிட்டாங்க, யார் சாப்பிடலன்னு மேல கேட்கறாங்க. தனியா உட்கார வச்சாத்தான் தெரியும்."

உள்ளுக்குள் முருகா என்று கூப்பிட்டபடி வேலைக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் மகளிடம் என்ன போட்டார்கள் என்று கேட்டேன்.

"கோழி."

"சாப்பிட்டியாம்மா?"

"அந்த மேசையில உட்கார்ந்து எல்லாத்தையும் சாப்பிட்டேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். பிறகு அடுப்படிக்குப் போய் அவள் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டது எனக்கும் கேட்டது.

"அம்மா, நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகலன்னா அப்பா ஏசுவாரா?"